இரண்டு பாட்டுகளுக்கு இடையில்

ஓகஸ்ட் 12, செவ்வாய்

விடியவே வெக்கை. சோழகக் காற்று தெருப் புழுதி முழுவதையும் கடைக்குள் கொண்டுவந்து கொட்டியிருந்தது. திறந்ததும் கூட்டினேன். பத்து மணிக்கு மறுபடி கூட்டினேன். ஹார்ட் டிஸ்க் திருத்துகிற இடம் இப்படி இருக்கக் கூடாது, கண்ணாடிக் கதவு போட வேண்டும் என்று ரூபன் அண்ணையிடம் திரும்பவும் சொன்னேன். "போடுவம், போடுவம்" என்றார். கடை முதலாளி. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து போடுகிறார்.

இன்றைய வேலை:
– அதிபர் ஒருவரின் மடிக்கணினி. கீபோர்டில் தேத்தண்ணி.
– ஸ்டூடியோக்காரனின் டிஸ்க். யாரோ வீட்டுச் சாமத்தியச் சடங்கு வீடியோ. கீழே போட்டுவிட்டு "சும்மா இருக்கேக்கை தானா நிண்டது" என்கிறான். டிக் டிக் என்று அடிக்கிறது. விழுந்த டிஸ்க்தான் அப்படி அடிக்கும்.
– அம்மாவின் போனுக்கு ரீலோட். (மறந்துபோனேன்.)

மத்தியானம் ஒரு பெண். பெயர் யசோ. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட. உடுப்பிட்டிப் பக்கம். துணிக்கடைப் பைக்குள் ஒரு டி.வி.ஆர் பெட்டி; கடைகளில் கமராப் படத்தைப் பதிந்து வைக்கிற பெட்டி. மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை.

"தங்கச்சி, இதுக்குள்ளை எங்கடை தம்பி இருக்கிறான். எடுத்துத் தருவியளோ?"

தம்பி தர்சன். போன மாதம் செத்துப்போனான். தொண்டைமானாற்றில் மீன்வாடி ஒன்றில் வேலை. விடிய இருட்டோடு மோட்டார் சைக்கிளில் போனவன், ஊர் வளைவில் தங்கராசா என்பவரின் பலசரக்குக் கடைக்கு முன்னால் கிடந்தான். பொலிஸ் எழுதியது: அதிவேகம், கட்டுப்பாட்டை இழந்து தானாக விழுந்தவர். ஊர் சொல்வது: வெறி.

"அவன் கலியாண வீடு, கில்யாண வீடு எண்டா குடிக்கிறவன்தான். நான் இல்லை எண்டு சொல்லேல்லை. வேலைக்குப் போற நேரம் ஆர் குடிக்கிறது? அந்த ரோட்டாலை விடியக்காலமை மணல் டிப்பர் பறக்கும். லைசனும் இல்லை, லைட்டும் இல்லை. ஆரைக் கேட்டாலும் தாங்கள் காணேல்லையாம்."

தங்கராசாவின் கடைக் கமரா தெருவைப் பார்த்தபடி இருக்கிறது. பொலிஸ் வந்து கேட்டபோது அவர் சொன்னது: "படம் இல்லை. பெட்டி பழுது." யசோ மூன்று தடவை போய் அழுதபிறகு பெட்டியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்.

படம் இல்லை, பெட்டி பழுது. இந்த வசனம் எனக்குப் பாடம். காசுக்காரனின் வாகனம் போகிற நேரத்தில் மட்டும் இந்த நாட்டில் கமராக்கள் பழுதாகும்.

"அழிச்சிருப்பினம் அக்கா. டிப்பர்க்காரன் வெருட்டியிருப்பான். அழிச்சாலும் எடுக்கலாம்" என்றேன்.

அவள் போனபிறகு ரூபன் அண்ணை என்னைப் பார்த்தார். "நிரூ, பெட்டியைத் திறக்க முதலே தீர்ப்புச் சொல்லுறாய். நீ நீதவானா வந்திருக்க வேண்டிய ஆள்." சொல்லட்டும்.

ஓகஸ்ட் 13, புதன்

பெட்டிக்குள் நிறையக் கரப்பான் முட்டை. டிஸ்க்கைக் கழற்றினேன். கமராவுக்கென்று செய்த டிஸ்க் இல்லை. பழைய கொம்பியூட்டரில் கழற்றியதைப் பூட்டிப் புதுசு என்று விற்றிருக்கிறான் எவனோ. எல்லா இடமும் இதுதான்.

சுழல விட்டேன். அடிக்கவில்லை, முனகவில்லை. காதை வைத்துக் கேட்டேன். நல்ல பிள்ளை.

அசலில் கை வைக்கக் கூடாது. இன்னொரு டிஸ்க்குக்கு முழுவதையும் பிரதி எடுக்கப் போட்டேன். பின்னேரம் வரை ஓடியும் முடியவில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

அம்மா மூன்று முறை போன் எடுத்தா. சுவிஸ் மாப்பிள்ளையின் படம் வந்திருக்கிறதாம். பின்னால் பனி. ஆளைவிடப் பனிதான் நிறைய.

செருப்பு வார் அறுந்தது. ஒற்றைக் காலை இழுத்து இழுத்து பஸ் எடுக்க, கொண்டக்டர்: "பாத்து ஏறுங்கோ ஆச்சி."

ஓகஸ்ட் 14, வியாழன்

பிரதி முடிந்தது. ஒரு இடமும் வாசிக்க முடியாமல் போகவில்லை. டிஸ்க் சுத்தம். அப்படியென்றால் "பெட்டி பழுது" பொய்.

அந்த நாளைத் தேடினேன். இரவு முழுக்கப் படம் இருக்கிறது. விடிய கொஞ்சம் முந்தி நிற்கிறது. பிறகு வெறுமை. இடையில் துண்டு துண்டாய் ஏதோ. பிறகு மறுபடி வெறுமை. வெளிச்சம் வந்த பிறகு ஒழுங்காக ஓடுகிறது.

ரத்தம் தலைக்கு ஏறியது. துண்டுகளைத் திறந்து பார்க்கக்கூடப் பொறுமை இல்லை. ரூபன் அண்ணையின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே தங்கராசாவின் கடை.

அறுபது வயது மனிசன். சாரம், பெனியன், வெங்காயம் நிறுத்துக்கொண்டு நின்றார். சனத்துக்கு முன்னாலேயே கேட்டேன். எவ்வளவு தந்தவன் டிப்பர்க்காரன் என்று.

"என்ன பிள்ளை கதைக்கிறாய்?"

"அழிச்சிருக்கிறியள்."

"எனக்கு உந்தப் பெட்டியிலை மணிக்கூடு திருத்தவே தெரியாது. பூட்டின நாளிலையிருந்து அது பிழை நேரம்தான் காட்டுது. அழிக்கிறதெண்டா எங்கை அமத்திறது? நீ காட்டு, நான் படிக்கிறன்."

ஒரு பொம்பிளை சிரித்தா. எனக்கு இன்னும் ஏறியது. செத்தது உங்கள் மகன் என்றால் பெட்டி வேலை செய்திருக்கும் என்று கத்தினேன். தராசுத் தட்டில் இருந்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து பெட்டி இருந்த தட்டைக் காட்டினார். சுவரில் அறைந்த பலகை.

"போன மாதம் கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் பெட்டி வைக்க இந்தச் சுவர்ப் பக்கம்தான் இடம் குடுத்தனான். என்ரை உபயம் அதுதான். அடிக்கிற அடியிலை பால்மா ரின் எல்லாம் தட்டிலை தானா நடந்து போகும். மூண்டு ரின் விழுந்து நெளிஞ்சது. உந்தக் கமராப் பெட்டியும் அப்ப துவங்கித்தான் சிவப்பு லைட் எரிச்சது. என்னைக் கள்ளன் எண்டு சொல்லாதை பிள்ளை."

நான் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

காலமை அம்மாவோடு சண்டை. பனி மாப்பிள்ளை. விடு.

அந்த ஒரு நாளைத்தான் பார்த்தேன். மற்ற நாட்களைப் பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை எல்லா நாளும் வெறுமை. விடியப்புறம் ஒன்று, பின்னேரம் ஒன்று. கொடியேற முந்தி ஒன்றும் இல்லை. தீர்த்தத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஒரு சாவை மறைக்க ஒருத்தர் திருவிழா முழுவதையும் அழிப்பாரா? அந்தப் பெட்டியில் ஒரு துண்டை மட்டும் அழிக்கவும் முடியாது. அழித்தால் முழுவதும் போகும். இது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்துகொண்டுதான் கத்தினேன்.

பெட்டியின் நிகழ்வுப் பதிவில் ஒரே வரி திரும்பத் திரும்ப: எழுத முடியவில்லை. எழுத முடியவில்லை. எழுத முடியவில்லை.

அதே மாதிரிப் பழைய டிஸ்க் ஒன்று கடையில் கிடந்தது. எழுதும் வேகத்தைப் பார்க்கப் போட்டேன். திரையில் வேகக் கோடு நேராகப் போனது. மேசையின் மற்ற முனையில் ரூபன் அண்ணை திருத்தின ஸ்பீக்கர் பெட்டியைப் போட்டுப் பார்த்தார். கடை அதிர்ந்தது. கோடு விழுந்தது. சைபர். அவர் நிறுத்தினார். கோடு எழும்பியது.

"அண்ணை, திரும்பப் போடுங்கோ."

"ஏன், பாட்டுப் பிடிச்சிட்டுதோ?"

போட்டார். விழுந்தது. நிறுத்தினார். எழும்பியது. பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

எனக்காக எழுதி வைக்கிறேன், யசோவுக்கு விளங்கப்படுத்த வேண்டும்:

டிஸ்க்குக்குள் சுழலும் தட்டில் வட்டம் வட்டமாகத் தடங்கள். ஒரு தலைமயிருக்குள் பல நூறு அடங்கும். எழுதுகிற தலை தட்டில் முட்டாமல் மிதக்கிறது. தான் எந்தத் தடத்தில் நிற்கிறது என்று அதற்குத் தானாகத் தெரியாது. தட்டைச் செய்யும்போதே ஒவ்வொரு தடத்திலும் இடைக்கிடை அடையாளங்கள் பதிந்து விடுகிறார்கள். தலை போகிற போக்கில் அதை வாசிக்கும். இந்தப் பக்கம் விலகிவிட்டாய், அந்தப் பக்கம் திரும்பு என்று உள்ளே ஒன்று இழுத்து நேராக்கும். ஒவ்வொரு சுற்றிலும், ஓயாமல். இதுதான் சேர்வோ. அதிர்வு கூடினால் இழுத்து இழுத்தும் தலை தடத்தில் நிற்காது. அப்போது எழுதினால் பக்கத்துத் தடத்தில் இருப்பதும் கெடும். ஆகவே அது எழுதாது. நிற்கும். அடையாளம் சரியாக அகப்படும் வரை காத்திருக்கும். வாசிக்க என்றால் கொஞ்சம் விலகினாலும் சமாளிக்கும். எழுத மட்டும் விடாது.

அவ்வளவுதான். யாரும் அழிக்கவில்லை. தர்சன் விழுந்த நேரம் தட்டில் ஏறவே இல்லை. அழித்ததென்றால் நான் எடுத்திருப்பேன்.

ஓகஸ்ட் 16, சனி

கரண்ட் போய்ப் போய் வந்தது. மத்தியானத்துக்குப் பிறகுதான் வேலை.

பாட்டுகளுக்கு இடையில் கொஞ்ச நேரம் ஓய்வு இருந்திருக்கும். அந்த ஓய்வில் தலை தடத்தைப் பிடித்திருக்கும், பெட்டி பதிந்திருக்கும். வியாழன் நான் திறக்காமல் விட்ட துண்டுகள் அவைதான். இன்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். கறுப்பு வெள்ளைப் படம். சத்தம் இல்லை.

பாட்டுக்கு முந்தி: வெறும் தெரு. ஒரு நாய். தார் சுத்தமாக இருக்கிறது.

முதல் துண்டு: மோட்டார் சைக்கிள் வாய்க்காலுக்குள். தெருவில் நீளத்துக்கு மணல், டிப்பர் வளைவில் விசிறினது போல. முந்தின படத்தில் அது இல்லை. மணலில் பாதி உடம்பு கிடக்க, தர்சன். கை எழும்புகிறது. விழுகிறது.

உயிரோடு இருக்கிறான்.

ஒரு ஓட்டோ மெதுவாக வந்து விலகிப் போகிறது. வேட்டி கட்டின இரண்டு பேர் வருகிறார்கள், பார்க்கிறார்கள், தெருவின் மற்றப் பக்கம் மாறிப் போகிறார்கள். பிறகு ஒருவர், ஈர வேட்டி, வெறும் மேல், கையில் செம்பு, இடது காலை இழுத்து நடக்கிறார். நிற்கிறார். முன்னால் போனவர்களில் ஒருவன் திரும்பிக் கையால் காட்டுகிறான்: வா, வா, பாக்காதை. அவர் போகிறார். அவர் படத்தைவிட்டு மறைய, கை இன்னொரு முறை எழும்புகிறது.

அதோடு வெறுமை.

அடுத்த துண்டு: சனக் கூட்டம். வெளிச்சம் வந்த பிறகு: சாமி வெளிவீதி வரப்போகிறது என்று தண்ணிப் பவுசர் வந்து தெருவைக் கழுவுகிறது. மணல் போய்விட்டது. பொலிஸ் அதற்குப் பிறகு வருகிறது.

ஆஸ்பத்திரியில் யசோவுக்குச் சொன்னது, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்று.

சாப்பாட்டுப் பார்சலைத் திறக்கவில்லை. நேர்த்திக்குப் போகிறவர்கள். குளித்து, ஈரத்தோடு கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை பண்ணப் போகிறவர்கள். ரத்தத்தைத் தொட்டால் துடக்கு. செத்தவனைத் தொட்டால் திரும்பப் போய் முழுக வேண்டும். இவர்கள் கும்பிடப் போன சாமி எது? கெட்ட வார்த்தை ஒன்று எழுதி வெட்டியிருக்கிறேன்.

ரூபன் அண்ணை முழுவதையும் பார்த்தார். பிறகு: "மணல் தெரியிற இடத்தை மட்டும் வெட்டிக் குடு. மற்றதை அந்தப் பிள்ளைக்குக் காட்டாதை."

"வெட்டினா கோட்டுக் கேசிலை நிக்காது அண்ணை. வெட்டினது எண்டு ஒரு சொல்லிலை தூக்கி எறிஞ்சிடுவினம். முழுசா இருந்தாத்தான் சாட்சி."

"சாட்சி, சாட்சி. அவள் அதுக்குப் பிறகு நித்திரை கொள்ள வேணுமே."

ஓகஸ்ட் 17, ஞாயிறு

கடை பூட்டு. யசோவை வரச் சொல்லி நான்தான் திறந்தேன். ரூபன் அண்ணைக்குத் தெரியாது.

முதலில் சேர்வோ விளங்கப்படுத்தினேன். தலையாட்டினாள். தங்கராசா அழிக்கவில்லை, நான் சொன்னது பிழை என்றும் சொன்னேன். பிறகு, பார்க்க வேண்டாம் என்றால் நான் சொல்லிவிடுகிறேன், மணல் இருக்கிறது, அது போதும் என்றேன்.

"இல்லை. போடுங்கோ."

மணலைப் பார்த்ததும் "பாத்தியளோ! பாத்தியளோ!" என்று என் கையைப் பிடித்தாள். கை எழும்பியபோது பிடி இறுகியது. அழவில்லை. ஓட்டோவை ஏசினாள். வேட்டிக்காரர்களை ஏசினாள், நாறல் பேச்சு, எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு செம்போடு அந்த மனிதர் வந்தார். காலை இழுத்து.

என் கையை விட்டாள்.

"அது அப்பா."

நான் நிறுத்தவில்லை. எனக்கு விளங்கவில்லை. படம் ஓடி முடிந்தது.

"எங்கடை அப்பா. அண்டைக்கு அவருக்குப் பிரதட்டை நேர்த்தி. தம்பி அவருக்குப் பிறகுதான் வெளிக்கிட்டவன். மனிசன் குறுக்கு ஒழுங்கையாலை நடந்து போய் ரோட்டிலை ஏறியிருப்பார், இவன் சந்தி சுத்தி வந்திருப்பான். வீட்டிலை ஒரு சொல்லும் சொல்லேல்லை தங்கச்சி. ஒரு சொல்லும்."



பிறகு கேட்டாள், அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டுத் தர முடியாதா என்று. முடியாது என்று சொன்னேன். காரணத்தைச் சொன்னேன். முழுதாகக் கொடுத்தால் டிப்பரைத் தேடவாவது செய்வார்கள், தம்பி தானாக விழுந்தான் என்ற எழுத்தாவது மாறும். கொடுத்தால் நீதிமன்றத்தில் எல்லோரும் பார்ப்பார்கள்.

"அம்மா பாத்தா? அம்மா உதைப் பாத்திட்டு அவருக்குச் சோறு போடுவாவோ?"

யாரில் கோபிப்பது? டிப்பர்க்காரனில் கோபிக்கலாம். பவுசரை அனுப்பியவனில், சுவரோடு பாட்டுப் பெட்டி வைத்த கோயில் சபையில், விலகிப் போகப் பழக்கின எல்லாரிலும். நேற்று முழுக்க அந்த ஈர வேட்டிக்காரரையும் ஏசினேன். அவர் கூலிக்குத் தோட்டம் கொத்துகிற மனிசனாம். கால் ஷெல் காயமாம்.

யசோ போய்விட்டாள். பிரதியை எடுக்கவில்லை. என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

ஓகஸ்ட் 18, திங்கள்

செய்தி இல்லை. அதிபரின் மடிக்கணினி சரி. அவர் நன்றி சொல்லவில்லை, விலையைக் கேட்டு முகத்தைச் சுழித்தார்.

பின்னேரம் தங்கராசாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். சனம் நின்றபோதே கேட்டேன், ஏசினதும் சனத்துக்கு முன்னால்தானே. "சரி சரி, போ பிள்ளை" என்றார். நான் திரும்பி நடக்க, கூப்பிட்டு ஒரு சோடாவை உடைத்துத் தந்தார். குடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப என்ரை உபயம்தான் அந்தப் பொடியன்ரை படத்தைத் திண்டது, என்ன?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஓம்" என்றேன்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

யசோ போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்து என்ன கேட்பது?

ஸ்டூடியோ டிஸ்க் சரிவரவில்லை. தலை தட்டை உரசியிருக்கிறது. ஸ்டூடியோக்காரன் கத்தினான். சாமத்தியப்பட்ட பிள்ளையின் மாமன் கனடாவிலிருந்து ரூபன் அண்ணைக்கு வட்ஸப்பில் கத்தினான். சேலை மாற்றி மாற்றி எடுத்த படத்துக்கு இவ்வளவு கத்து.

ஓகஸ்ட் 20, புதன்

காற்று இல்லை. மூட்டம்.

பத்தரை போல யசோ வந்தாள். பின்னால் அவர். வெள்ளைச் சேட்டுக்கு எல்லாத் தெறியும் பூட்டி, கந்தோருக்குப் போகிறவர் மாதிரி. திருநீறு இல்லாமல் நெற்றி வெறுமை. படியில் காலை இழுத்து ஏறினார். படத்தில் பார்த்த அதே இழுப்பு. நான் எழும்பி நின்றேன்.

"பிள்ளைதானே படத்தை எடுத்தது?"

"ஓம் ஐயா."

"மகள் எல்லாம் சொன்னவள். பொலிசுக்கு முழுசாக் குடுங்கோ. ஒண்டும் வெட்ட வேண்டாம். உதிலை போறவன் ஆர் எண்டு கேட்டா நான்தான் எண்டு நானே சொல்லுறன். வீட்டுக்காரிக்கும் ராத்திரிச் சொல்லிப்போட்டன்."

யசோ வெளியே தெருவைப் பார்த்தபடி நின்றாள்.

ரூபன் அண்ணை கதிரையைத் தள்ளினார். யசோவின் அப்பா அதில் இருக்கவில்லை. "ஒருக்காப் போடு பிள்ளை, பாப்பம்" என்றார். நான் ரூபன் அண்ணையைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். போட்டேன்.

மணல். கை. ஓட்டோ. இரண்டு பேர். பிறகு அவர். திரையில் தன்னைப் பார்த்தபோது முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தன் முதுகு படத்தைவிட்டுப் போகும் வரை பார்த்தார். மகனின் கை எழும்பியபோது மொனிற்றருக்குக் கிட்டக் குனிந்தார். படம் நின்றது.

"மிச்சத்தைப் போடு பிள்ளை."

"இவ்வளவும்தான் ஐயா."

"அவன் கை தூக்கினது... என்னைக் கண்டிட்டோ? அப்பா எண்டு கூப்பிட்டவனோ? வாய் திறந்தவனோ எண்டு பாத்துச் சொல்லு. உனக்குத் தெரியும்தானே."

நான் அந்த இடத்தை நூறு தரம் பார்த்திருக்கிறேன்.

"தெரியாது ஐயா. அதிலை அடுத்த பாட்டுத் துவங்கிட்டுது."